கடைசியாக நன்றாகப் பார்த்த நேரம்

ருக்மணி சிஸ்டர் போய்விட்டார். காலையில் வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி... மாரடைப்பாம்.

சேலத்தில் நாங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், பக்கவாதம் வந்தவர்களின் ரத்தக்கட்டியைக் கரைக்கும் இரண்டு மருந்துகளை ஒப்பிடும் ஆய்வு நடந்தது. ஒன்று ஒரு மணி நேரம் டிரிப்பில் ஏறும், மற்றது ஒரே ஊசி. அவர் ஸ்ட்ரோக் வார்டு நர்ஸ். நான் ஃபாரம் நிரப்புகிறவள்.

பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் வந்தால்தான் மருந்து. தாண்டினால் மூளையில் ரத்தம் கசியும் பயம். அதனால் எல்லோரிடமும் முதல் கேள்வி, "கடைசியா நல்லா இருந்தத எப்பப் பாத்தீங்க?"

அழுகிறவர்களிடம் எனக்குப் பேச வராது. ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பேன்.

ஒரு நாள் ராசிபுரம் பக்கத்து விசைத்தறிக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வலது கை விழுந்திருந்தது, பேச்சு இல்லை. "காலைல எந்திரிச்சதுல இருந்தே ஒரு மாதிரிதாங்க இருந்தாரு" என்றார் மனைவி. தூக்கத்திலேயே தொடங்கியது, நேரம் தெரியாது என்று எழுதினேன். அப்படி எழுதினால் மருந்து கிடையாது.

சிஸ்டர் ஃபாரத்தை எட்டிப் பார்த்தார். பிறகு அந்த அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, இன்னிக்குத் தறி ஓட்டுனாருங்களா?"

"ஓட்டுனாருங்க... கரண்டு போற வரைக்கும்."

"இழை அறுந்துச்சுங்களா?"

"அறுந்துபோகாம இருக்குமுங்களா? நாலஞ்சு தடவ. கரண்டு போறதுக்குச் சித்த முன்னாடிகூட ஒண்ணு."

"முடிச்சு யாருங்க போட்டது?"

"அவருதாங்க. எனக்குத்தான் கண்ணு தெரியாதுங்களே."

விழுந்த கையால் இழைக்கு முடிச்சுப் போட முடியாது.

சிஸ்டர் பக்கத்துத் தறிக்காரருக்கு போன் போட்டுக் கேட்டார். கரண்ட் போனது பத்து மணிக்கு. எங்கள் வார்டு கடிகாரத்தில் மணி பன்னிரண்டே கால்; இரண்டே கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.

நான் நின்றுகொண்டே ஃபாரத்தை அடித்துத் திருத்தினேன். "உக்காந்து எழுதுங்க மேடம். தரையில உக்காந்தா டிகிரி அழுக்காவாது" என்றார் சிஸ்டர். அந்த அழுகையிலும் அந்த அம்மா சிரித்துவிட்டார்.

ஸ்கேன் முடிந்து, அந்த அம்மா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு, யாருக்கு எந்த மருந்து என்று முடிவு செய்யும் குலுக்கலில் விழுந்தது ஒரே ஊசி.

ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன்... அந்தத் தறிக்காரருடைய வலது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மெல்ல உரசிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாத ஏதோ இழையை முடிகிறவர் மாதிரி. சிஸ்டரும் நானும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

சிஸ்டர், உங்களைக் கடைசியாக நன்றாகப் பார்த்தது போன வியாழன், மாலை ஐந்தே முக்கால். செவ்வாய்ப்பேட்டை பஸ் ஸ்டாப். கையில் முருங்கைக்கீரைக் கட்டு.

டவுன் பஸ்ஸில் ஏறிக்கொண்டே, "வாரேனுங்க மேடம்" என்றீர்கள்.

சரிங்க, சிஸ்டர்.