உறையைக் கழற்றாத கம்ப்யூட்டர்

சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்க, கடலூரில் ஒரு கடைக்குப் போனேன். எல்லாம் சேர்ந்த செட்டாக வாங்கினால் பிரிண்டர், ஸ்பீக்கர், தூசு படாமல் மூடும் பிளாஸ்டிக் உறை எல்லாம் இலவசம் என்றார்கள். என் மனம் அதிலேயே நின்றுவிட்டது.

"உள்ள என்ன போட்டிருக்காங்கன்னு கேளும்மா" என்றாள் மகள் போனில்.

"புதுப் பொட்டிய பிரிச்சுக் காட்டுன்னு எப்படிடி கேக்கறது?" என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

நானே கொண்டுபோய் அவள் அறையில் வைத்தேன். "உறைய கழட்டாத, புதுசாவே இருக்கட்டும்" என்றும் சொல்லிவிட்டு வந்தேன். அவளும் மூடியபடியே ஓட்டியிருக்கிறாள். பத்தாம் நாள் மதியம் அழுதுகொண்டே கூப்பிட்டாள். தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியபோது அறை முழுக்கப் புகையாம். உறை உருகிப் பெட்டியோடு ஒட்டியிருந்ததாம். உடனே மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறாள்.

பழுது பார்த்தவர் பெட்டியைத் திறந்து காட்டினார். "மூடி வச்சதும் தப்புதாங்க்கா, காத்து போக வழியில்ல. ஆனா உள்ள கரண்ட பிரிச்சுக் குடுக்கற பவர் சப்ளையே மட்டம். இலவசத்துக்கு ஆன காச எல்லாம் இதுலதான் மிச்சம் புடிச்சிருக்காங்க."

இப்போது எந்தக் கடையிலும் கூச்சப்படாமல் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்கிறேன். அந்த மதியம் அவள் தூங்கிக்கொண்டிருந்திருந்தால் என்ற நினைப்பு மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.