கொரியா டீச்சர் கொடுத்த சாம்பல்

தங்க நிறப் பெயிண்டின் அந்த வாடை இன்றைக்கும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. பர் துபாயில் நாங்கள் குடியிருந்த பிளாட்டின் ஹாலில், அப்பா கம்பெனியின் "போர்டு பெயிண்டர்" ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க அதைப் பூசிக்கொண்டிருந்தார். எதன்மேல் பூசினார் என்பதுதான் என் ஆத்திரம்.

மேல்மாடியில் எங்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த அம்மையாரை பில்டிங்கில் எல்லோரும் "கொரியா டீச்சர்" என்றுதான் சொல்வோம். சியோலில் கல்லூரி இடத்துக்காகப் பிளாஸ்டர் சிலைத் தலைகளையே கரித்துண்டால் வரைந்து, ரப்பருக்குப் பதில் ரொட்டியைப் பிசைந்து அழித்து அழித்துப் பழகியவர். எங்களையும் ஒரே கத்தரிக்காயை வாரக்கணக்கில் வரையவிட்டார். போட்டிக்குப் போகும் படத்துக்கு டீச்சரே "டச்-அப்" செய்துகொடுப்பது மற்ற வகுப்புகளில் வழக்கம். இவர் எங்கள் தாளைத் தொடவே மாட்டார், ஒருவர் படத்தில் இன்னொருவர் கை படக் கூடாது என்பார். எங்களுக்குக் கோப்பையும் வரவில்லை, எங்கள் அம்மாக்களுக்கு அவர்மேல் மரியாதையும் வரவில்லை.

நான் போய்வந்த வருடங்களில் அவருடைய படங்கள் மாறின. முதலில் ஜன்னலும், அதன் வழியே தெரியும் துபாய் கிரீக் கழிமுகத்தின் தண்ணீரும் இருந்தன. பிறகு ஜன்னல் போயிற்று, தண்ணீர் போயிற்று, கடைசியில் புழுதிக்காற்று நாளின் வெளிச்சம்போல மெல்லிய சாம்பல் பூச்சின்மேல் இன்னொரு சாம்பல் மட்டும் நின்றது. "வரையக் கற்றது போதும், விடக் கற்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நாடு திரும்புமுன் அதில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். அப்பா அதற்கு ஜிகினா ஃபிரேம் போட்டுவந்து உற்றுப் பார்த்தார். "என்னம்மா இது, ஈரம் பூத்த சுவர் மாதிரி இருக்கு? பாவம், அவசரத்துல முடிக்காம விட்டுட்டாங்க."

"நாளைக்கு டீச்சர் விருந்துக்கு வர்றாங்கல்ல, அதுக்குள்ள நாமளே முடிச்சு மாட்டிடுவோங்க" என்றாள் அம்மா. நான் கத்தினேன், அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன், யார் கேட்டார்கள்? "சும்மா இருடி, அவங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்." சாயங்காலத்துக்குள் பெயிண்டர் கையால் சாம்பலில் ஒரு பாய்மரக் கப்பலும் பேரீச்சை மரங்களும் தங்கச் சூரியனும் வந்துவிட்டன.

மறுநாள் டீச்சர் அதன்முன் நின்றார். "நவ் கம்ப்ளீட், மேடம்" என்று அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். டீச்சர் "கப்பல் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, இலையில் வைத்த வடையை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. அதன்பின் வந்த விருந்தாளிகளிடமெல்லாம், கொரியா ஆர்ட்டிஸ்ட்டே பாராட்டிய படம் என்று அப்பா பெருமையடித்துக்கொள்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அருவருப்பாக இருக்கும்.

போன மாதம் அப்பா விசாவைக் கேன்சல் செய்துவிட்டுத் திருச்சிக்குக் கிளம்பினார். டீச்சரின் வீட்டில் இப்போது வரிசையாகக் கட்டில் போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். "ஃபிரேமைக் கழற்றிட்டுக் கப்பலைச் சுருட்டிக் குடும்மா, ஊர்ல மாட்டணும்" என்றார் அப்பா. கழற்றினேன். ஃபிரேமுக்கு அடியில், நான்கு ஓரமும் விரல் அகலத்துக்கு, பெயிண்டரின் தூரிகை எட்டாத சாம்பல் அப்படியே இருந்தது. கத்தரிக்கோலால் அந்த நான்கு பட்டைகளையும் வெட்டி எடுத்துக்கொண்டு, கப்பலைச் சுருட்டிக் கொடுத்தேன். அப்பா பிரித்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.