அழுத்த வேண்டாத பேனா

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்யும் இடத்தில் அவருக்கு 'ரிவ்யூ' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அங்கே பாதிப் பேர் முழிப்பார்கள். கேமராவோ கம்ப்யூட்டரோ வாங்க வேண்டுமென்றால் எல்லோரும் இவரைத்தான் தேடி வருவார்கள். எந்த லென்ஸில் ஓரம் மங்கும், எந்த மதர்போர்டில் பின்னால் ராம் கூட்டிக்கொள்ளலாம், எந்த கேபினட்டில் காற்று சரியாகப் போகாது, எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவர். அடுத்தவருக்கு என்றால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முடிவு சொல்லிவிடுவார். தன் வீட்டுக்கு என்றால் மட்டும் வராது. கல்யாணமான புதிதில் நாங்கள் மலைக்குப் போனபோது, போய்த் திரும்பும் வரை கேமரா தேர்வாகவில்லை. அந்தப் பயணத்தில் எங்களுக்கு இருக்கும் ஒரே படம், வழியில் போன யாரோ தன் போனில் எடுத்து அனுப்பியது. அதில் இவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். கேட்டால், "சென்சார் ரொம்ப சின்னது, அதான்" என்பார். கண்ணுக்கும் சென்சாருக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவருக்கு ஒரே தங்கை. எங்களுக்கெல்லாம் அவள் 'வாலு'. பேக்கரியில் கேக்குக்கு அலங்காரம் செய்கிற வேலை. கிரீம் பையைப் பிழிந்து பெயர் எழுதினால் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். கேக் வாங்க வருகிறவர்களுக்குப் பெட்டியைத் திறந்து காட்டுவதும் அவள்தான். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, இடைவேளையில் போனில் விரலால் வரைவாள்.

"தன் பேரை கேக்குல பார்க்கும்போது எப்பேர்ப்பட்ட ஆளும் ஒரு செகண்ட் குழந்தையாயிடறாங்க அண்ணி. அப்புறம் உடனே பெரிய மனுஷங்களாகி, பெட்டியை மூடுன்னுடுவாங்க. அந்த ஒரு செகண்டை மட்டும் வரைஞ்சு புக்கா போடணும்" என்பாள்.

அந்தப் படங்களைப் பார்த்தால் நாமும் கூடவே இளித்துக்கொண்டு நிற்போம். அப்படி வரைந்தாள். ஆனால் போன் சின்னது, விரல் தடிமன். முகத்தில் ஒரு சுருக்கம் போட்டால் அது தழும்பாகிவிடுகிறது என்று அலுத்துக்கொள்வாள்.

ஒருநாள் கேக்கில் அவள் எழுத்து மெலிந்து வந்தது. கிரீமை மிச்சம் பிடிக்கிறாளோ என்று பேக்கரி முதலாளி கேலி செய்திருக்கிறார். அவளும் சிரித்திருக்கிறாள். பிறகு பை கையில் நிற்கவில்லை. டாக்டரிடம் நாங்கள் மூவரும் போனோம். தசைக்குப் போகிற நரம்பு பழுதாகிறது, முதலில் வலது கை, பிறகு மற்றது என்றார் அவர். எவ்வளவு நாளில் என்று சொல்ல முடியாதாம். அவள் வரைகிறவள் என்று தெரிந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப வரைய வேண்டியதை இப்பவே வரைஞ்சிடும்மா" என்றார். ஒளிவு மறைவில்லாமல் சொன்ன அந்த மனுஷர் மேல் எனக்கு அன்றைக்குக் கோபம். இன்றைக்கு இல்லை.

வெளியே வந்ததும் இவர் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு வரையறதுக்கு ஒரு கம்ப்யூட்டர் நான் போட்டுத் தரேன். நேரா ஸ்கிரீன் மேலயே பேனாவால வரையலாம். நீ எதையும் யோசிக்காத" என்றார்.

பிராசசர் வந்தது, கிராபிக்ஸ் கார்டு வந்தது. கம்ப்யூட்டர் பெட்டியைப் பூட்டி முடித்த பிறகு ஃபேன் சத்தம் அவளுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று கழற்றி வேறு ஃபேன் மாட்டினார். சாப்பிடும் மேஜையில் எங்களுக்குத் தட்டு வைக்க இடமில்லாமல் போனது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அவர் அழுவதற்குப் பதிலாக ஸ்குரூ முடுக்குகிறார் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

பேனாத் திரைதான் முடிவாகவில்லை. கண்ணாடிக்கும் பேனா முனைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, கோடு எவ்வளவு தாமதமாக வருகிறது, சாய்த்துப் பிடித்தால் என்ன ஆகும், எல்லாம் பார்த்தார். கடைசியில் ஒரே விஷயத்தில் போய் நின்றார். பேனாவை எவ்வளவு மெல்லத் தொட்டால் கோடு விழும்? அழுத்தத் தேவையில்லாமல், பட்டாலே கோடு விழுகிற பேனாவோடு ஒரு கம்பெனி புது மாடல் அறிவித்திருந்தது. இரண்டு மாதத்தில் வரும் என்றார்கள்.

அதற்குள் ஸ்டூடியோக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவருடைய கேமராவெல்லாம் இவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததுதான். தன் பழைய பேனாத் திரையைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். "சும்மாதான் கிடக்கு. தங்கச்சி வரையட்டும்" என்றார்.

வாலு அங்கேயே உட்கார்ந்து வரைந்தாள். கேக் வாங்க வந்த ஒரு பஸ் டிரைவர் முகம். கன்னத்தில் விழுகிற குழி வரைக்கும் வந்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"இது போதும்ணா" என்றாள்.

இவர் படத்தைப் பார்க்கவில்லை. அவள் ஆள்காட்டி விரல் நுனி வெளுத்துப் போயிருந்ததைத்தான் பார்த்தார். "இவ்வளவு அழுத்தினா இருக்கிற கையும் சீக்கிரம் போயிடும். மெதுவா இழுத்தா கோடு வேற நடுங்குது. ரெண்டே மாசம் பொறு."

"இருக்கிறதை வச்சு வரையட்டுமேங்க. புதுசு வந்தா அப்ப மாத்திக்கலாம்" என்றேன்.

"உனக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

"எனக்கு இது தெரியாது. டாக்டர் சொன்னது தெரியும்."

சண்டை வந்தது. நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோது வாலு பேனாவை அதன் இடத்தில் வைத்துவிட்டு, "சரிண்ணா, பொறுக்கிறேன்" என்றாள். சின்ன வயதிலிருந்தே அண்ணன் சொன்னால் அவளுக்கு அப்பீல் கிடையாது. மறுநாள் திரை ஸ்டூடியோவுக்குத் திரும்பிப் போனது. போனில் வரைவதையும் அவள் விட்டுவிட்டாள். எல்லாவற்றையும் நல்ல திரையில் சேர்த்து வரைந்துகொள்கிறேன் என்றாள்.

புது மாடல் தள்ளிப் போனது. மறுபடியும் தள்ளிப் போனது. பிறகு வந்த அன்றே விற்றுத் தீர்ந்தது. ஒவ்வொரு முறையும் இவர் கம்பெனிக்காரனைத் திட்டினார். அதற்குள் வாலுவுக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. சீப்பு நழுவியது. பேக்கரியிலிருந்து அவளை நிறுத்தவில்லை, அவளே நின்றுவிட்டாள். எங்கள் வீட்டு முன்னறைக்குக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டோம். தலைவாரி விடும்போது என்னிடம், "வந்துடும்ல அண்ணி?" என்று கேட்பாள். எனக்கு வாயில் வந்ததை மென்று விழுங்கிவிட்டு, வந்துவிடும் என்பேன். அவர் மேல் எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவரும் பாதியாகத்தான் ஆகிப்போயிருந்தார், அந்த மனுஷரை என்னவென்று திட்டுவது?

ஒருவழியாகப் புதுத் திரை வந்தது. கை வைத்துக்கொள்ள ரப்பர் மெத்தை ஒட்டிய ஒரு தாங்கி, சாய்வு மேஜை எல்லாம் அவரே செய்து வைத்திருந்தார். கட்டிலை நிமிர்த்தி வாலுவை உட்கார வைத்தோம். பேனாவைக் கையில் கொடுத்தார். விரல்கள் மூடவில்லை. பஞ்சு சுற்றி, பட்டை போட்டு, பேனாவை உள்ளங்கையோடு கட்டினார். முனை திரையில் பட்டது. கோடு விழுந்தது.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. அவள் கை தன் பாரத்தில் தானாகச் சரிந்தது, கூடவே கோடும் கீழே வரை வந்தது. அவ்வளவுதான். மேலே கொண்டுபோக அந்தக் கையில் ஒன்றுமில்லை.

"இரு இரு, செட்டிங்ல சரி பண்ணிடலாம்" என்று அவர் எதையெதையோ மாற்றினார். மாற்றி மாற்றி, கையைத் தூக்கித் தூக்கி வைத்தார். ஒவ்வொரு முறையும் கோடு அதேபோல் சரிந்து வந்தது.

"அண்ணா, செட்டிங்ல ஒண்ணும் இல்ல. என் கைதான்" என்றாள் வாலு.

அவர் தலையைக் குனிந்துகொண்டு பட்டையை அவிழ்த்தார். அவர் பேனாவைப் பெட்டிக்குள் வைக்கப் போனபோது அவள்தான் தடுத்தாள். "நீ வரை. நான் சொல்றேன்."

"எனக்கு எங்கடி வரையத் தெரியும்?"

"யாருக்குத் தெரியுதாம்? வரை. ஒரு வாட்ச்மேன். தனக்குத்தானே கேக் சொல்லி, தன் பேரையே எழுதச் சொன்னவர். பெட்டியைத் திறந்து காட்டினதும் தொப்பியைக் கழட்டிட்டாருண்ணா."

அவர் வட்டம் போட்டார், அது உருளைக்கிழங்கானது. கண் மேலே போனது. "கீழே" என்றாள், அழித்தார். "இன்னும் கொஞ்சம் இடுங்கின கண்ணு" என்றாள், அழித்தார். தொப்பியை எந்தக் கையில் வைப்பது என்று தெரியாமல் இரண்டிலும் வரைந்து அதையும் அழித்தார். சாயங்காலம் வரை அழித்தார். திரையில் புள்ளியளவு குறை இருந்தாலும் எட்ட நின்றே கண்டுபிடிக்கிற மனுஷர், வியர்த்து வழிய, தான் வரைந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வாட்ச்மேனுமில்லை, மனிதனுமில்லை. அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"அவரேதாண்ணா. அச்சு அசல்" என்றாள். சொல்லும்போது அவள் திரையைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தாள்.