எந்தத் தலையை ஒட்டுவது?

“மொதல்ல இத்தப் பாருங்க. இப்ப இத்தப் பாருங்க. எது தெளிவா இருக்குது?” என்று வில்லைகளை மாற்றி மாற்றி என் கண் முன்னால் பிடிப்பார் முஹம்மது இஸ்மாயில். “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு” என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். “அதெப்படிங்க ஒண்ணா இருக்கும்? ஒண்ணுதான் சரி. நல்லா பாத்துச் சொல்லுங்க.” நான் பயந்துபோய் ஏதாவது ஒன்றைச் சொல்லிவைப்பேன். என் வலது கண் இன்றுவரை மங்கலாகத் தெரிவதற்கு அந்தப் பயம்தான் காரணம்.

சிதம்பரம் மேலவீதியில் இருக்கிறது அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை. ஒருவர் உள்ளே போனால் அடுத்தவர் வெளியே நிற்க வேண்டும். பரங்கிப்பேட்டையிலிருந்து காலை ரயிலில் வந்து திறப்பார். ஆள் வராத நேரத்தில் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு யுத்த டாங்கியை வெளியே எடுப்பார்.

பிளாஸ்டிக் டாங்கிதான். அவருடைய மனைவியின் தம்பி அப்துல் வதூது சிங்கப்பூரில் ஒரு பொம்மைக் கடையில் வேலை பார்க்கிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் ஜப்பான் பெட்டி ஒன்று கொண்டுவருவார். அதற்குள் ஒரு டாங்கி துண்டு துண்டாக இருக்கும். பிளேடால் வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, பசை வைத்து ஒட்ட வேண்டும். பேட்டரி போட்டால் கண்ணாடிக் கூடுகளின் மேல் உறுமிக்கொண்டு ஏறி இறங்கும். வாடிக்கையாளரை நிற்கவைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கண்ட டாங்கியையும் அவர் தொடுவதில்லை. ஜெர்மன்காரன் யுத்த காலத்தில் சோதனைக்கென்று செய்து பார்த்து, சண்டைக்கு அனுப்பாமலே விட்டதாக இருக்க வேண்டும். காரணம் கேட்டேன். “சண்டைக்குப் போனது பாவம் பண்ண வண்டிங்க. இது ஒருத்தரயும் கொல்லல. ஊட்ல வைக்கலாம்.”

பெட்டியோடு வரும் சுண்டுவிரல் உயரச் சிப்பாய்களை மட்டும் வைத்துக்கொள்ள மாட்டார். “உருவம் எங்க ஊட்டுக்கு ஆவாது” என்று பக்கத்து வெற்றிலைக் கடை வைத்திலிங்கத்திடம் கொடுத்துவிடுவார். போன புரட்டாசியில் வைத்திலிங்கம் வீட்டுக் கொலுவில், செட்டியார் பொம்மைக்குக் கீழ்ப்படியில், நான்கு ஜெர்மன் சிப்பாய்கள் விறைப்பாக நின்றார்கள். சுண்டல் நன்றாக இருந்தது.

இந்தத் தடவை வந்த பெட்டிதான் மனிதரை ஆட்டிவைத்துவிட்டது. கடையில் மாதிரி வண்டிகளைச் செய்து காட்சிக்கு வைக்க ஒரு ஆள் தேவை என்றாராம் வதூதின் முதலாளி. “இத்த முடிச்சிக் குடுங்க மச்சான். கொண்டு போயிக் காட்டறேன். புடிச்சிட்டா நீங்க அங்க வர்றதுக்குப் பேப்பரெல்லாம் அவரே போட்டுடுவாரு” என்று வதூது சொல்லியிருக்கிறார். பெட்டியைத் திறந்தால் ஒரு உடலுக்கு இரண்டு தலைகள். பீரங்கி வைத்த மேல்பகுதியைத் தலை என்றுதான் சொல்வார் இஸ்மாயில். ஒன்று சப்பை, ஒன்று உயரம். எது சரி என்று தெரியாமல் இரண்டு பேருக்கு ஒரே கண்ணாடியைக் கொடுத்தனுப்பும் அளவுக்குக் குழம்பிப்போனார்.

வதூது கப்பலுக்குக் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை, விளக்கத் தாளைப் படித்துச் சொல்ல இஸ்மாயில் என்னைப் பரங்கிப்பேட்டை வீட்டுக்கு வரச் சொன்னார். தாள் முழுக்க ஜப்பான் எழுத்து. அடியில் நாலு வரி இங்கிலீஷ். இரண்டு தலைகளுக்கும் ஜெர்மன்காரர்கள் படம் போட்டு வைத்திருந்தார்கள், எதை வைப்பது என்று முடிவு செய்வதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது, ஆகவே எதை ஒட்டினாலும் சரிதான் என்றிருந்தது.

“ரெண்டும் சரின்னா நான் எத்தங்க ஒட்டறது?”

செய்தவனுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?

“போவணும்னும் இருக்குது. போவ வேணாம்னும் இருக்குது. போனா மூணு வருசம் திரும்ப முடியாது” என்று டாங்கியைப் பார்த்தபடி சொன்னார். பிறகு உள்வாசல் திரையைப் பார்த்து மனைவிக்குக் குரல் கொடுத்தார். “ஷரீபா, நீ என்ன சொல்றே?”

“எதுக்கு?” என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல்.

“எல்லாத்துக்குந்தான்.”

“ஒங்களுக்கு எது நல்லதுன்னு படுதோ அதச் செய்யிங்க. நான் வேணாங்கல.” வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மனிதர் பிழைத்திருப்பார். எனக்கே அந்த அம்மாள்மேல் கோபம் வந்தது.

வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. வதூது பயணப்பெட்டியை ஏற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். “ஏதோ ஒண்ண வைங்க மச்சான். பசை ஈரத்துலயே அமுக்கிடணும், காஞ்சிட்டா புடிக்காது. இப்ப உட்டா அந்த எடத்துக்கு வேற ஆளு வந்துடுவான்.”

இஸ்மாயில் உயரமான தலையை எடுத்தார். அடிவிளிம்பில் சுற்றிலும் பசை வைத்தார். டாங்கியின் உடலிலிருந்த துளைக்கு நேராகக் கொண்டுவந்து, விரற்கடை உயரத்தில் நிறுத்தி, திரையைப் பார்த்தார். திரை அசையவில்லை.

“ஆச்சா மச்சான்?”

“இதோ ஆச்சு” என்றவர், தலையைத் தன் முகத்தருகே கொண்டுபோய், உதட்டைக் குவித்து, அந்தப் பசையின்மேல் மெல்ல ஊதினார்.