மருந்துக் கடையில் கொடுத்த நம்பர்

என் தங்கைக்குக் கல்லூரியில் படிக்கும்போது வலிப்பு வந்தது. விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் போதும், எல்லோரையும் போல வாழலாம், பிள்ளையும் பெறலாம் என்றார். செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லத்தில் வரன் அமைந்தபோது மாப்பிள்ளையைத் தனியாக அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். மறைத்துக் கல்யாணம் செய்ய எங்களுக்கு மனமில்லை.

“எனக்குத் தெரிஞ்சா போதும் மச்சான். அம்மாகிட்ட நேரம் பாத்து நானே சொல்லிக்கிறேன்” என்றார்.

அந்த நேரம் வரவே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு முறைகூட அவளுக்கு வலிப்பு வரவில்லை. ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாத்திரை அட்டை பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தது.

மாதாமாதம் மாத்திரை வாங்கி வருவது மாப்பிள்ளைதான். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு மருந்துக் கடையைச் செஞ்சியில் புதிதாகத் திறந்திருந்தார்கள். விலையில் தள்ளுபடி உண்டு. பில் போடும்போது போன் நம்பர் கேட்டிருக்கிறார்கள். தன் போனுக்கு வரும் விளம்பரத் தொல்லையே போதும் என்று நினைத்து, வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த போனின் நம்பரைச் சொல்லிவிட்டார். நம்பர் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் நம் யாருக்கும் இல்லை.

ஒருநாள் மத்தியானம் அந்தப் போன் அடித்தது. தங்கை பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த மாமியார்தான் எடுத்தார். மருந்துக் கடையிலிருந்து ஒரு பெண் பேசினாள். தங்கையின் பெயரைச் சொல்லி, வலிப்பு மாத்திரை இந்த வாரத்தோடு தீர்ந்துவிடும், வீட்டுக்கே அனுப்பி வைக்கட்டுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருக்கிறாள்.

மாமியார் போனை வைத்தார். பின்கட்டுக்குப் போய், தங்கையின் பக்கத்தில் பாயில் கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து குழந்தையை அவளிடம் தனியாக விடவில்லை. பால் கொடுக்கும்போதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அடுப்புப் பக்கமோ கிணற்றுப் பக்கமோ போகவும் விடவில்லை. தங்கை எனக்குப் போன் செய்தபோது அழவில்லை. “வந்துட்டுப் போண்ணா” என்று மட்டும் சொன்னாள்.

கடையைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வல்லம் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வாசலில் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார். நான் மாமியாரிடம் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“வியாதி யாருக்கு வராது தம்பி? அத்த வுடு. என் வூட்ல இருக்குற சங்கதி எனக்குத் தெரியல. மொகம் தெரியாத எவளோ ஒருத்திக்குத் தெரிஞ்சிருக்குது. அவளுக்கு இன்னா உரிமை?”

நாங்கள் அவரிடம் சொல்லாதது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆனால் அவர் கேட்டது அந்தக் கடைக்காரர்களைக் கேட்க வேண்டிய கேள்வி.

மறுநாள் மாப்பிள்ளையும் நானும் அந்தக் கடைக்குப் போனோம். மேனேஜர் இளைஞர், நல்ல மாதிரிதான். கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். தங்கையின் மாத்திரை, எழுதிக் கொடுத்த டாக்டர் பெயர், எப்போது தீரும் என்ற கணக்கு, அவள் கர்ப்பமாக இருந்தபோது வாங்கிய சத்து மாத்திரை, மாமியாரின் பிரஷர் மாத்திரை, எல்லாம் வரிசையாக இருந்தன. எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தவர்களும் அதைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை கையை நீட்டித் திரையை மறைத்தார்.

அழித்துவிடுங்கள் என்று கேட்டேன். இங்கிருந்து அழிக்க முடியாது, எல்லாம் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது என்றார். இது வேறு யாருக்காவது போயிருக்கிறதா என்று கேட்டதற்கு, சத்தியமாகத் தனக்குத் தெரியாது என்றார். நம்பர் கொடுத்தாலே சம்மதித்ததாகத்தான் அர்த்தமாம்.

என் கடைக்கு வரும் ஒரு வக்கீலம்மாவிடம் இதைச் சொன்னேன். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், வைத்திருப்பதை அழிக்கச் சொல்லிக் கேட்கலாம், சட்டமே வந்திருக்கிறது என்றார். என் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து அந்தத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மெயில் எழுதிக் கொடுத்தார். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினோம், அதற்கும் வரவில்லை. அதற்குள் உடல்நலக் காப்பீடு வேண்டுமா என்று யார் யாரோ அந்தப் போனுக்குப் பேசத் தொடங்கினார்கள். நம்பர் அவர்களுக்கு எப்படிப் போனது என்பதை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில், புகார் கொடுக்கப் போகிறோம் என்று வக்கீலம்மா தன் பெயரில் எழுதிய பிறகுதான், விவரங்கள் நீக்கப்பட்டன என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. நீக்கினார்களா என்று எந்தத் திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

அந்த நாட்களில்தான் என் கடையின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். ஜனங்கள் பிரிண்ட் எடுக்க அனுப்பிய ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட், விவாகரத்துத் தீர்ப்பு எல்லாம் அப்படியே கிடந்தன. எல்லாவற்றையும் அழித்தேன். இப்போது பிரிண்ட் எடுத்ததும் வந்தவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுகிறேன்.

தங்கை ஒருநாள் தானே மாமியாரை விழுப்புரத்துக்கு டாக்டரிடம் அழைத்துப் போனாள். மாமியார் டாக்டரிடம் நிறையக் கேள்வி கேட்டாராம். திரும்பி வரும்போது பஸ்ஸில் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாராம். அதைச் சொல்லும்போதுதான் தங்கை என்னிடம் அழுதாள்.

ஆனால் கோபத்தில் இருந்த நாட்களில் மாமியார் அவலூர்பேட்டையில் இருக்கும் தன் தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அது உறவுக்குள் பரவிவிட்டது. பிறகு அந்த அவலூர்பேட்டை வீட்டில் ஒரு வளைகாப்புக்கு எல்லோரும் போயிருந்தோம். ஆரத்தி எடுக்க என் தங்கை தட்டைத் தூக்கினாள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மாமியாரின் தங்கை சிரித்துக்கொண்டே வந்து, “நீ உக்காரும்மா, உனக்கு எதுக்குக் கஷ்டம்” என்று தட்டை வாங்கிக்கொண்டாள். தங்கை வெறும் கையோடு நின்றாள்.

மாமியார் எழுந்து வந்தார். தன் தங்கையின் கையிலிருந்து தட்டை வாங்கி மருமகளிடம் கொடுத்தார். அவள் சுற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.