அம்மை வார்த்த செங்கல்

எங்கள் வீட்டு வாசற்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். பழைய வீட்டில் கதவு நிலையை மாற்றியபோது சுவரிலிருந்து எடுத்த கல். அதன் முகம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். இதைத் தூக்கி எறிந்துவிட்டு லட்சணமாக ஒன்று வாங்கி வைக்கக்கூடாதா என்று என் மகள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால் என் விரல் தானாக அந்தக் குழிகளைத் தேடிப் போகும். கூடவே என் மாமனாரும் வந்துவிடுவார்.

வெள்ளாற்றங்கரையில் அவர் செங்கல் காளவாய் வைத்திருந்தார். புதுக்கோட்டையில் மன்னர் ஆட்சி நடந்த காலம். எங்கேயோ யுத்தம் நடக்கிறது என்பதை மண்ணெண்ணெய் கிடைக்காததை வைத்துத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். செங்கல் தொழில் என்பது முழுக்க முழுக்க வானத்தை நம்பிய தொழில். அச்சில் அறுத்து வெயிலில் நிறுத்திய பச்சைக்கல் காய்ந்து சூளைக்குப் போகிற வரைக்கும் ஒரு தூறல்கூட விழக்கூடாது. அதனாலோ என்னவோ, மாமனாருக்கு வானம் பார்ப்பதில் அபார நம்பிக்கை. மார்கழி விடியலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆற்று மணலில் போய் நிற்பார். மேகம் எந்தத் திசையில் ஓடுகிறது, எப்படிக் கூடுகிறது என்று பார்ப்பார். மார்கழியில் ஓடுகிற மேகத்தை வைத்து அடுத்து வரும் மாதங்களின் மழையைச் சொல்வதற்குக் கர்ப்போட்டம் பார்ப்பது என்று பெயர். எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் எல்லோரும் பார்ப்பதுதான். ஆனால் பார்த்ததை அவரைப் போல் அடித்துச் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. மாசி பிறந்ததும் ஊர் மந்தையில் நின்று அறிவிப்பார்.

"பங்குனியில சொட்டு கெடையாது. சித்திரை கடைசியில மேக்க இருந்து ஒரு மழை வரும். அதுக்குள்ள கூரை மேயுறவுக மேஞ்சுக்கங்க."

அவர் சொன்னது பாதி வருஷம் பலிக்கும், பாதி வருஷம் பலிக்காது. பலிக்காத வருஷங்களை அவர் ஞாபகத்தில் வைத்துக்கொள்வதில்லை. "காளவாய்க்காரரு வாயில மழை எப்படி வரும்? அவருக்குத்தான் வெயில் வேணுமே" என்று ஊரில் கேலி பேசுவார்கள். அதற்கும் அசர மாட்டார். எனக்குப் பிறந்த வீடு விராலிமலை. மயில் அகவினால் மழை வரும் என்று கல்யாணமான புதிதில் நான் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்துவிட்டது. "ஒங்க ஊர்ல மயிலு கத்தாத நாளு ஏது? அப்படிப் பாத்தா விராலிமலை இந்நேரம் கடலா போயிருக்கணுமே தாயி" என்றார். அன்றைக்கே நான் வாயை மூடிக்கொண்டேன். மாமியார் இல்லாத வீடு அது. மாமனாருக்கு எதிரில் நின்று பேசுகிற வழக்கமும் அப்போது இல்லை.

ஊருக்கெல்லாம் செங்கல் கொடுத்த நாங்கள் குடியிருந்தது கீற்றுக் கொட்டகையில். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரியும். ஐப்பசி மழையில் தொட்டில் நனையாத மூலையைத் தேடித் தேடிக் கட்டுவேன். விடிவதற்குள் அந்த மூலையும் ஒழுகும். பிள்ளைக்குச் சளி நெஞ்சில் கட்டி, மூச்சு இழுத்து, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. ஒவ்வொரு மாசியிலும் மாமனார் அறுத்து நிறுத்திய கல்லைக் காட்டி, "இந்தச் சூளை நமக்குத்தான்" என்பார். சூளை பிரிக்கிற அன்று யாராவது வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். ஒருவருக்கு மகள் கல்யாணம், இன்னொருவருக்குச் சுவர் விழுந்திருக்கும். இவருக்கு இல்லை என்று சொல்ல வராது. "நமக்கு அடுத்த வருசம்" என்று சொல்லி வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார். இன்னொரு மழைக்காலத்தை அந்தக் கொட்டகையில் பிள்ளையோடு தாண்ட முடியாது என்ற பயம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

நான் சொல்கிற வருஷம் ஊரே காய்ந்து கிடந்தது. கண்மாயில் மாடு குடிக்கத் தண்ணீர் இல்லை. மழை வேண்டிப் பங்குனியில் மாரியம்மனுக்குப் பெரிதாகத் திருவிழா எடுத்தார்கள். பந்தல் போடக் கீற்றுப் போதவில்லை. மாமனாரோ பங்குனியில் சொட்டு கிடையாது என்று வழக்கம்போல் சொல்லிவிட்டிருந்தார். பச்சைக்கல்லை மூடுவதற்காக வைத்திருந்த கீற்று முழுவதையும் கோயிலுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். மழை கேட்டு நடக்கிற திருவிழாவுக்கு, மழை வராது என்ற நம்பிக்கையில் கீற்றுக் கொடுத்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பூச்சொரிதல் அன்று மத்தியானம் மேற்கே விராலிமலைப் பக்கம் கறுத்தது. "அது வெறும் புழுக்கம், கலைஞ்சு போயிரும்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, பெரிய பெரிய துளியாக இறங்கிவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். கிழவர்கள்கூட நனைந்துகொண்டே ஆடினார்கள். காளவாயை நினைத்துக்கொண்ட இரண்டு பேர் ஓடிப்போய்ப் பந்தல் கீற்றை இழுத்தார்கள். மாமனார் குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். "ஆத்தாளுக்குப் போட்டத எடுக்கக் கூடாது. பெய்யட்டும்யா, ஊருக்கு வேணும்" என்றார். அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் அழுதுகொண்டிருந்தேன்.

புதிதாக அறுத்த கல்லெல்லாம் மறுபடி சேறாகிவிட்டது. முன்பே அறுத்து இறுகியிருந்த கல் மட்டும் நின்றது, முகமெல்லாம் மழைத்துளி குத்திய குழியோடு. அதையே காயவைத்துச் சூளை போட்டார்கள். பிரித்தபோது கல் நன்றாகத்தான் வெந்திருந்தது. தட்டினால் கணீரென்றது. ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. இதை யார் கேட்கப் போகிறார்கள் என்று எனக்கு ஒரு நப்பாசை.

புதுக்கோட்டை டவுனிலிருந்து ஒரு மளிகைக்கடைக்காரர் வந்துவிட்டார். ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னண்ணே, கல்லுக்கு அம்மை வாத்த மாதிரியில்ல இருக்கு!" என்று சிரித்தார். "பரவால்ல, மேல பூசிட்டா என்ன தெரியப் போவுது. நாளைக்கி வண்டி அனுப்புறேன்."

மாமனாரின் தலை ஆடத் தொடங்குவதைப் பார்த்தேன். அந்தத் தலையாட்டல் எனக்குப் பழக்கமானது. எங்கிருந்து வந்தது அந்தத் துணிச்சல் என்று தெரியவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"மாமா, ஆத்தா திருநாள்ல அவளே வந்து முத்துப் போட்ட கல்லு இது. அம்மை கண்ட வீட்டுலேருந்து ஒரு பிடி உப்புகூட வெளிய குடுக்க மாட்டோம். கல்ல மட்டும் குடுக்கலாமாங்க?"

மளிகைக்கடைக்காரர் கல்லைப் பட்டென்று கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமனார் என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன். வீட்டுக்கல்லு வீட்டுலதான் இருக்கணும்" என்றார். அடித்துச் சொன்னார், மந்தையில் சொல்வதைப் போலவே.

ஐப்பசிக்குள் வீடு எழுந்துவிட்டது. முதல் மழை விடாமல் கொட்டிய நாளில் தொட்டிலை நட்டநடுக் கூடத்தில் கட்டினேன். ஒரு சொட்டு விழவில்லை. மாமனார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பூசாத கல்லின் குழிகளைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். "பங்குனியில மழை வரும்னு எனக்கு அப்பவே தெரியும் தாயி. சொன்னாக் கீத்தக் கட்டிக் காப்பாத்தியிருப்பீக. அப்பறம் ஏது வீடு?" என்றார். அவர் சொன்னது பச்சைப் பொய். அன்றைக்கு அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

இன்று காலை டிவியில் ஓரிரு இடங்களில் லேசான மழைக்கு வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். எந்த இடம், எவ்வளவு மழை என்றெல்லாம் யாரும் அடித்துச் சொல்வதில்லை. மகள் தன் பேத்தியின் தொட்டிலை ஜன்னலிலிருந்து தள்ளிப் போடலாமா என்று கேட்டாள். நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். மேற்கே லேசாகக் கறுத்திருந்தது. காற்றில் கதவு ஆடியது. செங்கல்லைக் காலால் நகர்த்தி முட்டுக் கொடுத்துவிட்டு, "சொட்டு கெடையாது, அங்கிட்டே இருக்கட்டும்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, பெய்ய ஆரம்பித்துவிட்டது. மகள் என் பேச்சைக் கேட்காமல் தள்ளிப் போட்டிருந்த தொட்டில் நனையவில்லை.