தங்கராசா அண்ணன் விரித்த பாய்

தங்கராசா அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி வாழைச்சேனைக்கு வந்து சேர்ந்தபோது காலை பஸ் போய்விட்டிருந்தது. அடுத்ததைப் பிடித்து, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, புளியந்தீவில் அவர் வீட்டை அடைந்தபோது பெட்டியை மூடத் தயாராகிவிட்டார்கள். அழத்தான் போனேன்.

அவர் தச்சர். ஜூடோவில் ஒரு பிடிகூடத் தெரியாது. ஆனால் என் வகுப்பில் அவர் விரித்த பாயில் விழாதவர் எவரும் இல்லை. தொடக்கத்தில் மரச்சட்டத்துக்குள் உமி கொட்டி, மேலே கித்தான் படங்கை இழுத்துக் கட்டித் தந்தார். பிறகு அழுத்திய வைக்கோல் பாய்கள் நன்கொடையாக வந்தன. அவற்றை நெருக்கி அடுக்கி, அதே படங்கால் மூடினார். பக்கத்துக் கராத்தே வகுப்புக்காரர்கள் பல்லுப் பல்லாகக் கோக்கும் ரப்பர் பாய் வாங்கியபோது, அதில் கொஞ்சம் வாங்கி நம்முடையதோடு ஒட்டிப் போடலாமா என்று கேட்டேன். முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிட்டார்.

“கராத்தேக்கு நிக்கத் தரை வேணும் மாஸ்டர், ஒங்கட ஆக்களுக்கு விழத் தரை வேணும். ரெண்டு இனத்த ஒட்டிப் போட்டா மூட்டில ஆராவது கையக் கால முறிப்பாங்க.”

விரித்து முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, வெறுங்காலால் மூட்டு மூட்டாக நடப்பார். என்னையும் நடக்கச் சொல்வார். “காலுக்குத் தெரியாம ஒண்டும் ஒளிக்கேலா” என்பார்.

சண்டையால் உன்னிச்சைப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து வந்த கிழமையில்தான் அது நடந்தது. வகுப்பில் செய்து காட்டுவதற்காக வசந்தி என்ற மாணவியைத் தூக்கிப் போட்டேன். நூறு தடவை போட்ட அதே முறைதான். அவளுடைய தோளெலும்பு முறிந்தது. “என்ட புள்ளய ஏன் மாஸ்டர் இப்பிடி அடிச்சுப் போட்டீங்க?” என்று தாய் கேட்டபோது அண்ணன் என் பக்கத்தில்தான் நின்றார். “கொஞ்சம் வேகமாத்தான் போட்டுட்டார்” என்றார். நானும் அதை நம்பினேன். அதன் பிறகு நான் எவரையும் தூக்கிப் போடவில்லை. வகுப்பை விட்டுவிட்டு வாழைச்சேனைக்குப் போய்விட்டேன்.

செத்த வீட்டில் அவருடைய தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உன்னிச்சையால ஓடி வந்து பள்ளிக்கூடச் சீமெந்தில கிடந்தம் மாஸ்டர். நீங்க தந்த எண்டு அண்ணன் நாலு வைக்கோல் பாய் கொண்டுவந்தார். பொறந்து ஒம்பது நாள் புள்ள, அதிலதான் கிடத்தி வளத்தன். மறுகா, வகுப்பில பாய் எடுத்த இடத்துக்கு என்ன செஞ்ச எண்டு கேட்டன். உமிச் சாக்கு வெச்சுப் படங்கால மூடிட்டன் எண்டார்.”

சாக்கு அமுங்கும், பக்கத்துப் பாயின் விளிம்பு எழுந்து நிற்கும். வசந்தியின் தோள் அந்த விளிம்பில்தான் விழுந்திருக்கிறது.

கொடுத்த நல்ல பெயரும் எனக்கு, முறித்த கெட்ட பெயரும் எனக்கு! கேட்டிருந்தால் நானே தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்திருப்பேனே அண்ணன். பாய்க்காக எனக்குக் கோபம் இல்லை. அந்தத் தாயின் முன்னால் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பெட்டியை மூடினார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

அவரை அறிந்த நீங்கள் நல்லதையே நினைப்பீர்கள், நினையுங்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நடை. எங்கே பாய் விரித்திருந்தாலும் செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி ஒரு தடவை நடந்துவிடுகிறேன். வசந்தியைப் போட்ட அன்றைக்கு மட்டும் நான் நடந்து பார்க்கவில்லை. தங்கராசா அண்ணன் விரித்த பாய்தானே என்று இருந்துவிட்டேன்.